பாலர் பள்ளியில் விளையாட்டு, வீட்டில் பயிற்சித் தாளா?

"இன்னிக்கு என்ன எழுதுனே?" கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் பாலர் பள்ளி வாசலில் பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி இது. மாவு உருட்டினேன், பாட்டுப் பாடினேன் என்று பிள்ளை சொன்னால் பலரின் முகம் வாடிவிடுகிறது.

கல்வியமைச்சு 2017இல் திருத்திய தேசிய பாலர் பள்ளிக் கலைத்திட்டம் விளையாட்டுவழிக் கற்றலைத்தான் வலியுறுத்தியது. மாவு உருட்டிப் பழகிய விரல்தான் பிறகு பென்சிலைப் பிடிக்கும். முதல் மூன்று ஆண்டுகளுக்கான தேர்வுகள் 2019இல் நீக்கப்பட்டன. 2021இல் யுபிஎஸ்ஆரும் போனது. பெற்றோரின் தேர்வு பயம் மட்டும் போகவில்லை.

உண்மையான சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. தமிழ்ப்பள்ளிகளின் பாலர் வகுப்பில் தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றும் உண்டு. ஆங்கிலத்தை மட்டும் நம்பித் தனியார் பாலர் பள்ளிக்குச் சென்ற பிள்ளை, தமிழ்ப்பள்ளி முதலாம் ஆண்டில் கணிதத்தையும் தமிழில் எதிர்கொள்கிறது. 'கூட்டு', 'கழி' என்ற சொற்களே புதிது. எண் தெரிந்த பிள்ளைக்கும் 'கணக்கு வராது' என்ற பெயர் வந்துவிடுகிறது. வீட்டிலும் தமிழ் இல்லையென்றால் அந்தப் பெயர் எளிதில் போகாது.

இதற்குப் பயிற்சி நூல் வாங்கத் தேவையில்லை. ஷிப்ட் வேலை முடிந்து களைத்து வரும் பெற்றோரிடம் ஒரு மணி நேரம் கேட்பதும் நியாயமில்லை. ஜாலான் தெங்கு கிளானாவில் காய்கறி வாங்கும்போது பிள்ளையை எண்ணச் சொல்லலாம். எது கூட, எது குறைவு என்று கேட்கலாம். அந்த வாரப் பாட்டை ஆசிரியரிடம் வாட்ஸ்அப்பில் கேட்டு வாங்கினால், இரவில் பாட்டியும் சேர்ந்து பாடுவார்.