ரோஜாக் குப்பியில் சீனி ஏறினால் செடி தேறாது

காவிரி டெல்டாவில் திசு வளர்ப்பு என்றதும் ஜி-9 வாழைதான் நினைவுக்கு வரும். இப்போது ரோஜாவையும் குப்பியில் வளர்க்கும் ஆசை பரவியிருக்கிறது. அதோடு ஒரு தவறான பேச்சும் பரவியிருக்கிறது: சீனி கூடக்கூட வளர்ச்சி கூடுமாம்.

"குப்பிக்குள் தளிருக்குச் சீனிதானே சாப்பாடு?" என்கிறார்கள். உண்மைதான். மூடிய குப்பியில் விளக்கு எரியத் தொடங்கிய சில மணி நேரத்தில் கரியமில வாயு அடிமட்டத்துக்கு இறங்கிவிடும். இலை பச்சையாக இருந்தும் ஒளிச்சேர்க்கை முடங்கும். அதனால்தான் வளர்ப்பு ஊடகத்தில் லிட்டருக்கு 30 கிராம் சுக்ரோஸ், அதாவது சீனி, சேர்க்கிறார்கள். ஆனால் கரைந்த சீனி தண்ணீரையும் பிடித்து வைத்துக்கொள்ளும். 30 கிராம் கரைசலின் சவ்வூடு அழுத்தம் கடல்நீருடையதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. கடலோரக் காரைக்கால்மேட்டுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கடல் ஏறிய கொல்லையில் மண் ஈரமாக இருக்கும்போதே செடி வாடுவதை 2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரை கண்டது. அங்கே உப்பின் நஞ்சும் சேர்ந்தது. தண்ணீரை வேர் இழுக்க முடியாமல் போவது மட்டும் இரண்டிலும் ஒன்றே. சீனியை இரட்டித்துப் பாருங்கள்: தளிர் குட்டையாக நின்றுவிடும், இலை சிறுத்துச் செம்மை தட்டும்.

"30 கிராம் உலகம் ஏற்ற அளவு" என்பது அடுத்த வாதம். 1962இல் முராஷிகேயும் ஸ்கூகும் புகையிலைத் திசுவுக்காக வகுத்த ஊடகத்தின் அளவு அது. ரோஜாவைத் தனியே சோதித்தவர்கள் இருக்கிறார்கள். 1987இல் லாங்ஃபோர்டும் வெயின்ரைட்டும் சீனி குறைந்த ஊடகத்தில் வளர்ந்த ரோஜாத் தளிருக்கு ஒளிச்சேர்க்கைத் திறன் கூடியிருந்ததைக் காட்டினார்கள். 1991இல் கபெலாடெஸ் குழுவினர் சீனி ஏற ஏற இலையில் மாவுச்சத்து குவிந்ததையும் ஒளிச்சேர்க்கை தளர்ந்ததையும் கண்டார்கள். கொழுத்த இலை உழைக்கும் இலையாகிவிடாது. வெளியே வந்ததும், மெழுகுப் பூச்சு மெலிந்து, இலைத்துளையைச் சரியாக மூடத் தெரியாத அந்தக் கன்று உப்புக் காற்றில் நின்று தன் உணவைத் தானே சமைக்க வேண்டும். இந்தக் கரையில் அதற்கு இரக்கம் கிடைக்காது.

அப்படியானால் சீனியே வேண்டாமா? சிபா பல்கலைக்கழகத்தின் கோசாய் சீனியில்லாமலே கன்று வளர்த்துக் காட்டினார். ஆனால் காற்றுப் புகும் மூடி, கூடுதல் கரியமில வாயு, நல்ல வெளிச்சம் எல்லாம் தந்தார். இவை இல்லாத சாதாரண லேபில் சீனியை அடியோடு நிறுத்தினால் தளிர் வெளிறிச் சோரும். தளிர் பெருகும் கட்டத்தில் வழக்கமான அளவைக் கொடுத்து, வேர்விடும் கட்டத்தில் வெளிச்சத்தைக் கூட்டிச் சீனியைப் படிப்படியாகக் குறைப்பதே என் கட்சி.

தொட்டி ரோஜாவுக்குச் சீனித் தண்ணீர் ஊற்றுவது இன்னும் மோசம். ஜாடியில் வைத்த வெட்டுப்பூவுக்குப் பயன்படுவது வேரூன்றிய செடிக்குப் பொருந்தாது. மண்ணில் நுண்ணுயிர் பெருகித் தழைச்சத்தைப் பிடித்துக்கொள்ளும், எறும்பும் வரும். குப்பியிலிருந்து எடுத்த கன்றின் வேரில் ஒட்டிய அகார் ஊடகத்தைத் துளியும் விடாமல் அலசச் சொல்வது இதனால்தான்: அதிலுள்ள சீனியில் பூஞ்சை பிடித்தால் கழுத்து அழுகிக் கன்று சாய்ந்துவிடும்.