திரையும் வகுப்பறையும்

2020ஆம் ஆண்டு பங்குனி மாதத்திலே கொள்ளைநோயின் பொருட்டு இலங்கைப் பாடசாலைகள் யாவும் மூடப்பட்டன. உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் கற்பித்துவந்த யானும், வெண்கட்டியை வைத்துவிட்டுக் கைத்தொலைபேசியின்முன் அமரலானேன். அவ்வனுபவத்தைக் கொண்டே இவ்விழா மலரிலே ஒரு கருத்தைக் கூறத் துணிகின்றேன்.

இணையவழிக் கல்வியைப் பழிப்பது என் நோக்கமன்று. அஃது இல்லாதிருந்தால் அந்நாளிலே மாணாக்கர் முற்றாகவே கைவிடப்பட்டிருப்பர். விளங்காத பாடத்தைப் பதிவிலிருந்து மீட்டும் மீட்டும் கேட்கலாம். இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழும் பழைய மாணவர், தாம் பயின்ற கல்லூரியின் பிள்ளைகளுக்கு அங்கிருந்தே கற்பிக்கலாம். இவை சிறிய நன்மைகள் அல்ல.

ஆயினும் திரையிலே யான் கண்டவை நாற்பது பெயர்கள், முகங்கள் அல்ல. டேற்றாக் கட்டணத்துக்கு அஞ்சிப் பிள்ளைகள் தம் படத்தை மறைத்துவிடுவர். வகுப்பறையிலே பின்வாங்கில் ஒருவனுடைய புருவம் சுருங்கக் கண்டால், மூல் என்னும் அலகை ஒரு டசின் முட்டையைக் காட்டி மறுபடியும் விளக்குவேன். திரையிலோ, “விளங்கிற்றா?” என்று வினவினால், “ஓம் சேர்” என இருவர் எழுதுவர். ஏனையோர் மௌனம். அம்மௌனம் தெளிவின் அடையாளமோ, தொடர்பு அறுந்ததன் அடையாளமோ, யான் அறியேன். ஒலிபெருக்கி பிடித்து ஐந்நூறு பேருக்குக் கற்பிக்கும் ரியூற்றரிகளும் இவ்வகையிலே திரைக்கல்வியே என்பது என் எண்ணம். அதைச் சொன்னால் நண்பர் சிலர் சினப்பர்!

அந்த நாற்பது பேரும் வந்தார்களா என்பது வேறு வினா. மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டிலே கைத்தொலைபேசி ஒன்றே. அதனையும் தந்தை காலையில் வேலைக்குக் கொண்டுசென்றுவிடுவார். நாட்டின் உட்கிராமங்களிலே சமிக்ஞை தேடி மரத்திலும் பாறையிலும் ஏறிய பிள்ளைகளின் படங்களை 2021இல் செய்திகளிலே பார்த்தோம். 2022ஆம் ஆண்டு பங்குனி இறுதியிலே மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணிநேரம்வரை நீண்டது. அவ்வாண்டிலேயே எரிபொருள் தட்டுப்பாட்டினாற் பாடசாலைகள் மீண்டும் மூடப்பட்டபொழுது, இணையவழியிற் கற்பிக்குமாறு நமக்குக் கூறப்பட்டது. வகுப்பறை வாங்கிலே பணக்காரன் மகனும் கூலியாளின் மகனும் ஒரே கரும்பலகையைப் பார்த்தனர். அந்தச் சமன்பாட்டை நாம் எளிதிலே இழந்துவிட்டோம்.

கல்லூரி திறந்தபின் நிகழ்ந்த ஒன்று என் நெஞ்சைவிட்டு அகலவில்லை. அமில மூல நியமிப்பை ஒளிப்படத்திலே பலமுறை கண்டு, படிமுறை யாவற்றையும் பிழையின்றி ஒப்புவிக்கவல்ல கெட்டிக்காரன் ஒருவன், ஆய்வுகூடத்திலே முதன்முதலாக அளவியைத் தொட்டான். கிணற்றடிக் குழாயைத் திறப்பதுபோலத் திறந்தான். சோடியமைதரொட்சைட்டு ஓடிப் பாய்ந்தது. குடுவை முழுவதும் கடுஞ்சிவப்பு. அவன் திகைத்து நின்றான். அருகில் நின்ற தோழன், கற்பதிலே சற்றுப் பிந்தியவன்தான், ஒன்றும் பேசாமல் அவனுடைய இடக்கையைப் பற்றி அடைப்பிலே வைத்து, துளிதுளியாக விடும் வகையைக் காட்டினான். அடுத்த குடுவையிலே மெல்லிய இளஞ்சிவப்பு தோன்றி நிலைத்தது. யான் அருகிற் செல்லவும் தேவை நேரவில்லை.

விழா நிதியைக்கொண்டு வகுப்புத்தோறும் பெருந்திரை பொருத்தவேண்டும் என அன்பர் சிலர் கூறுகின்றனர். அவர்தம் நல்லெண்ணத்தை யான் ஐயுறவில்லை. ஆனால், என் வகுப்பிலே மூன்று மாணவருக்கு ஓர் அளவியே இருந்தது. முதலில் ஒருவனுக்கு ஒன்றாக அளவியும் குழாயியும் வாங்குவோம். நூலகத்தை மாலை ஏழு மணிவரை திறந்துவைத்து, இணையத் தொடர்பும் பத்துக் கணினிகளும், மேற்பார்வைக்கு ஓர் ஆசிரியரும் அங்கே இருக்கச் செய்வோம். வீட்டிலே கருவியில்லாத பிள்ளை அங்கு வந்து படிக்கட்டும். மிஞ்சும் பணத்திலே திரை வாங்குவதாயின் எனக்கு மறுப்பில்லை.