ஜாஸுக்கும் பறைக்கும் என்ன சம்பந்தம்?

நிறவெறியை விட்டுவிட்டு ஜாஸ் பற்றிப் பேசவே முடியாது. ஏன்?

1920-களில் நியூயார்க்கின் 'காட்டன் கிளப்' மேடையில் வாசித்தவர்கள் கறுப்பினக் கலைஞர்கள். உட்கார்ந்து கேட்க அனுமதி வெள்ளையர்களுக்கு மட்டும். 1927 இறுதியில் அங்கே வாசிக்கத் தொடங்கித்தான் டியூக் எலிங்டன் பெரும் புகழ் பெற்றார்.

இசை வேணும், இசைக்கிறவங்க வேண்டாம். நமக்கு இது புதுசா என்ன? சாவு வீட்டுக்குப் பறை வேணும். அடிக்கிறவர் வாசலோடு நிற்கணும்.

தருமபுரியில் என்ன நடந்தது?

ஒரு சாதி மறுப்புத் திருமணத்தைத் தொடர்ந்து, 2012 நவம்பர் 7-ல் நத்தம் காலனி உள்பட 3 தலித் குடியிருப்புகளில் வீடுகள் எரிக்கப்பட்டன.

இசை என்ன செய்தது?

2018 ஜனவரியில் இயக்குநர் பா.ரஞ்சித்தின் முயற்சியில் சென்னையில் மேடையேறிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்', கானா, பறை, ராப், ராக் எல்லாம் கலந்து சாதியை நேரடியாகவே பாடியது.

பாட்டு மட்டும் போதுமா?

போதாது. பறையை ரசிப்பது சுலபம். அதை அடிப்பவருக்கு ஊரில் என்ன இடம் என்று கேட்பதுதான் கஷ்டம். அந்தப் பேச்சு சென்னை அரங்குகளோடு நிற்காமல் தருமபுரிக்கும் வரணும். காட்டன் கிளப்பிலும் கைதட்டல் பலமாகத்தான் இருந்தது, கதவுதான் திறக்கவில்லை.