அறிவினாவும் அறியா வினாவும்

வினா அறுவகைப்படும் என்பது நன்னூல் வகுத்த இலக்கணம். அவற்றுள் முதலாவது அறிவினா. விடையைத் தான் அறிந்திருந்தும் மாணவன் அறிந்துள்ளானா எனச் சோதிக்க ஆசிரியன் கேட்பது அது. தனக்குத் தெரியாததைத் தெரிந்துகொள்ளக் கேட்பது அறியா வினா. மூன்றாவது ஐய வினா. நம் உயர்நிலைப் பள்ளிகளில் சுற்றுச்சூழல் பாடம் நடைபெறும் வகுப்பறையுள் நுழைந்து பார்த்தால் முதல் வகை ஒன்றே அரியணையில் வீற்றிருக்கக் காணலாம். "நீர் மாசுபடுவதற்கான காரணங்கள் ஐந்தினைத் தருக" என்று வினா எழும். ஐந்தையும் ஒப்பித்தவன் ஐந்து மதிப்பெண் பெறுகின்றான். தன் வீட்டுக் கிணற்று நீர் ஏன் கரிக்கின்றது என்று அவன் கேட்பதுமில்லை. கேட்கும்படி எவரும் அவனைத் தூண்டுவதுமில்லை.

சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1991-இல் பணித்தது. பாடநூல் வந்தது, ஆராய்ச்சி வரவில்லை.

பாலாற்றங்கரையில் வாழும் நமக்கு இது ஏட்டுச் செய்தியன்று. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 28.8.1996 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, தோல் பதனிடும் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுவதுமாகவோ பாழ்பட்டதைக் குறிப்பிடுகின்றது. அதே தீர்ப்பில் திண்டுக்கல் பகுதியின் 13 சிற்றூர்களைப் பற்றிய ஒரு கணக்கும் இடம்பெற்றுள்ளது: 467 கிணறுகளில் 350 கிணறுகள் கெட்டுவிட்டன. கிணறு கிணறாக எண்ணிச் சேர்த்த இக்கணக்கே என் நெஞ்சில் தைத்தது. ஒன்பதாம் வகுப்பு மாணவர் நாற்பதின்மர் இதனைச் செய்ய இயலாதா?

இயலும். கரைந்த உப்புகளை அளக்கும் சிறு கருவி இன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கின்றது. லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு நீர் இல்லாவிடத்து 2,000 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் வரையறை. ஆற்றையொட்டிய கிணறுகள், அரைக் கல் தொலைவிலுள்ளவை, ஆலைகளுக்கு மேல்புறம் உள்ளவை எனப் பிரித்து, மழைக்கு முன்னும் பின்னும் அளந்து குறிக்கலாம். அப்போதுதான் ஐயங்கள் பிறக்கும். குரோமியத்தையே குற்றவாளி என்று எண்ணிச் சென்ற மாணவன் உப்பைக் காண்பான். பச்சைத் தோல் கெடாதிருக்க உப்பிட்டு வருவதும், அதனை ஊறவைக்கும் நீரில் அவ்வுப்பு இறங்குவதும் அவனுக்குப் புலப்படும். குரோமியத்தை வீழ்படிவாக்கிப் பிரித்துவிடலாம். உப்போ அவ்வழிக்கு அடங்காது கரைந்தே நிற்கும். இனி, மேல்புறக் கிணறும் கரித்தால்? பாறையிலிருந்து ஊறும் இயற்கை உப்பாகவும் இருக்கலாம். அவசரப்பட்டுப் பழி சுமத்தாதிருக்கும் பண்பை இதனினும் நன்றாகக் கற்பிக்கும் பாடம் எனக்குத் தெரியவில்லை. (தமிழாசிரியனுக்கு உப்பில் என்ன வேலை என்று வேதியியல் நண்பர்கள் நகைப்பர், நகைக்கட்டும்.)

"பாடப்பகுதி முடியாது, தேர்வு என்னாவது?" என்பர் ஆசிரியர். மத்தியப் பிரதேசத்து ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972-இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கிய அறிவியல் கல்வித் திட்டம், செய்து கற்றலையே பாடமாக்கியது. தேர்வையும் அதற்கேற்ப மாற்றி, புத்தகத்தைத் திறந்து வைத்து எழுதச் செய்தது. முப்பது ஆண்டுகள் நடந்த அதனை 2002-இல் அரசு நிறுத்திவிட்டது என்பதையும் மறைப்பதற்கில்லை. ஆயினும், தேர்வு மாறாமல் கற்பித்தல் மாறாது என்பதை அது கண்டு செயற்படுத்தியது.

பெரியோர் சிலரின் தயக்கம் வேறு. நம் கல்விக்கூடங்கள் பல தோல் வணிகரின் கொடையால் எழுந்தவை. அத்தொழிலின்மீது நம் பிள்ளைகளே விரல் நீட்டுவதா என்பது அவர்தம் மனக்குறை. அதன் நியாயம் எனக்கு விளங்குகின்றது. ஆயினும் உடன்பட இயலவில்லை. பிள்ளைகள் அளக்காவிடினும் பிறர் அளப்பர். 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதே ஆற்றைப் பற்றி மீண்டும் தீர்ப்பளிக்க நேர்ந்தது. கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களில் நாளை பணியாற்றப் போகின்றவரும் இப்பிள்ளைகளே. அன்றியும், அந்தக் கிணற்று நீரைக் குடிப்பவர்கள் வணிகர் வீட்டிலும் உண்டு, தொழிலாளர் வீட்டிலும் உண்டு.

இவ்வாண்டு மழை ஓய்ந்தபின் ஆற்றங்கரைப் பள்ளி ஒன்றில், பத்துக் கிணறுகளோடு தொடங்கலாம். குளோரைடு அளக்க வேண்டிய வெள்ளி நைட்ரேட்டை நம் வேதியியல் துறை தரக்கூடும். பெரியோரிடம் நாங்கள் எதிர்பார்ப்பது நன்னூலின் ஐந்தாம் வகையாகிய கொடை வினா ஒன்றையே: "பிள்ளைகளிடம் அளவுகருவி உண்டா?"

இல்லை என்பதே இன்றைய விடை.