வேகம் யாருக்கு? காத்திருத்தல் யாருக்கு?

இரயில் என்றால் வேகம், வேகம் என்றால் நாகரிகம் என்று ஒரு புதிய குருட்டு நம்பிக்கை நம் ஜனங்களைப் பிடித்து ஆட்டுகின்றது. வேகவண்டி ஒன்று புதிதாக விட்டுவிட்டால் போதும், அதற்கு மாலை என்ன, மேளம் என்ன! அது கடந்து போகும்வரை பாசஞ்சர் வண்டி பக்கத்துத் தண்டவாளத்தில் ஒதுங்கி நிற்கின்றதே, அதற்குள் இருப்பவர்களும் மனிதர்கள்தானே என்று கேட்பார் யாருமில்லை. ஒருவன் போகப் பத்துப் பேர் ஒதுங்கி நிற்பது நமக்கு நெடுநாளாகப் பழகிப்போன காரியமல்லவா?

நாம் வேகத்துக்கு விரோதிகளல்ல. ஆனால், ஜங்ஷனுக்கு வண்டி அரைமணி முன்னதாகவே வந்துவிடுகின்றது, கிளைப்பாதை வண்டியோ இரண்டு மணி கழித்துத்தான் புறப்படும் என்றால், மிச்சமான அரைமணியால் யாருக்கு என்ன லாபம்? மூட்டை முடிச்சோடு பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருக்கும் நேரம் அரைமணி கூடிற்று என்பதைத் தவிர வேறென்ன?

சுவிட்சர்லாந்து தேசத்தார் இதை யோசித்தார்கள். 1982-ல் மணிக்கொரு வண்டி, ஒவ்வொரு மணியிலும் அதே நிமிஷத்தில் என்று நாடெங்கும் ஏற்பாடு செய்தார்கள். 1987-ல் ‘இரயில் 2000’ என்னும் திட்டத்தை ஜனங்களின் வோட்டுக்கே விட்டுச் சம்மதம் பெற்றார்கள். அதன் சூட்சுமம், முதலில் கால அட்டவணை, பிறகே தண்டவாளம் என்பதுதான். பல திசை வண்டிகளும் மணியடிக்கச் சற்று முன் ஜங்ஷனில் கூடவேண்டும். பிரயாணிகள் மாறி ஏறியதும் மணியடித்த சற்று நேரத்தில் பிரியவேண்டும். ஆகவே இரண்டு ஜங்ஷன்களுக்கிடையே ஒரு மணிக்குச் சற்றுக் குறைவாக ஓடினால் போதும். சூரிச்சுக்கும் பெர்னுக்கும் ஒரு மணிக்கு மேல் பிடித்தது. சுமார் 45 கிலோமீட்டர் புதுப்பாதை போட்டு, 2004 டிசம்பர் முதல் ஒரு மணிக்குள் அடக்கினார்கள். நாற்பது நிமிஷமாக்கப் பணத்தைக் கொட்டவில்லை. கொட்டியிருந்தாலும், சீக்கிரம் வந்த வண்டி ஜங்ஷனில் காத்துத்தானே நிற்கும்!

“அது சின்னஞ்சிறு தேசம், நமக்கு ஆகுமா?” என்பார்கள் சிலர். ஜெர்மனி சிறு தேசமா? அவர்களும் 2018-ல் இம்மாதிரி அட்டவணையின் முதல் நகலை வெளியிட்டார்கள். நாடு முழுவதும் ஒரே நாளில் ஆகாவிட்டால், ஒரு ஜங்ஷனில் ஆரம்பிக்க என்ன தடை?

ஆகவே நாம் சொல்லுவதெல்லாம் இதுதான். புது வண்டிக்கு மாலை போடுமுன், அது எந்தக் கிளைவண்டியோடு, எந்தக் கிராமத்து பஸ்ஸோடு சேருகின்றது என்று கேளுங்கள். இரயிலின் யோக்கியதையை இஞ்சின் வேகத்தால் அளக்காமல், கடைசிப் பிரயாணி வீடு போய்ச் சேரும் நேரத்தால் அளவுங்கள்.