புகை மருந்து போதாது

தில்லியில் டெங்கு பரவும்போது தெருத்தெருவாகப் புகை மருந்து அடிப்பதும், குளிர் வந்ததும் மறந்துவிடுவதும் வாடிக்கையாகிவிட்டன. 1996-ல் 400-க்கும் அதிகமானோரைப் பலிகொண்ட அந்நோய், 2015-ல் 15 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைத் தாக்கியது.

புவி வெப்பமடைவதால், குளிர் அளித்துவந்த பாதுகாப்பும் குறைந்து வருகிறது. வெப்பம் கூடினால் ஏடிஸ் கொசு விரைந்து வளர்கிறது. அதன் உடலில் டெங்கு வைரஸ் பெருகிப் பிறருக்குத் தொற்ற எடுத்துக்கொள்ளும் நாள்களும் குறைகின்றன. மலேரியா ஒட்டுண்ணியோ ஏறத்தாழ 16 டிகிரி செல்சியஸுக்குக் கீழ் கொசுவின் உடலில் முழு வளர்ச்சி அடைவதில்லை. மலைப்பகுதிகளில் அதைவிட வெப்பமான நாள்கள் பெருகினால், இமயமலைச் சரிவுகளுக்கு இயற்கை அமைத்த அரண் தளரும்.

புகை மருந்து பறக்கும் கொசுக்களை மட்டுமே கொல்லும். தண்ணீர்த் தொட்டியிலும் ஏர்கூலரிலும் நெளியும் புழுக்களை அது தீண்டாது. நீர் வற்றினாலும் ஏடிஸ் முட்டைகள் பல மாதங்கள் அழியாமல் இருக்கும். ஆகவே, நோயாளிகள் எண்ணிக்கை கூடிய பிறகு விழிப்பதில் பயனில்லை.

வானிலைத் துறையின் வெப்ப, மழைக் கணிப்புகளைச் சுகாதாரத் துறையும் மாநகராட்சிகளும் பயன்படுத்தி, மழைக்கு முன்பே வீடு வீடாகச் சோதனையைத் தொடங்க வேண்டும். அதற்கு ஆண்டு முழுவதும் ஊழியர்களும் நிதியும் தேவை. 2030-க்குள் மலேரியாவை ஒழிக்க உறுதிபூண்டுள்ள மத்திய அரசு, இந்தப் பொறுப்பை உள்ளாட்சிகளின் தலையில் மட்டும் சுமத்துவது நியாயமல்ல.