சுறாவின் செவி

காது கூர்மையாக உள்ளவரைப் பார்த்து, "அவருக்குப் பாம்புச் செவி" என்று சொல்கிறோம். சுறாவுக்கு அப்படி ஒரு நல்ல வார்த்தை சொல்வார் இல்லை. வாய், பல், இரத்தவெறி ஆகிய மூன்றையும் தவிர அந்தப் பிராணியிடம் வேறொன்றும் கிடையாது என்பதே பொதுஜன அபிப்பிராயம். 1975-ல் அமெரிக்காவில் வெளிவந்த 'ஜாஸ்' என்னும் சினிமாப் படம் இந்த அபிப்பிராயத்தை உலகெங்கும் ஊர்ஜிதம் செய்துவிட்டது. ஒரு துளி இரத்தம் சிந்தினால் பல மைலுக்கு அப்பாலுள்ள சுறா கூட ஓடிவரும் என்பார்கள். இது வெறும் மிகை. வாசனையை ஜலத்தின் ஓட்டமல்லவா சுமந்து செல்ல வேண்டும்? ஓட்டம் வேறு திசையில் இருந்தால் சுறாவின் மூக்கு எவ்வளவு நல்ல மூக்காக இருந்தும் பயனில்லை.

மூக்குக்கு முன்னால் செய்தி கொண்டு வருவது பெரும்பாலும் காதுதான். சுறாவுக்குக் காது மடல் இல்லை. தலையின் மேற்புறத்தில் ஊசித் துவாரம் போன்ற இரண்டு சிறு துளைகள் உண்டு. செவியோ உள்ளே ஒளிந்திருக்கிறது. ஜலத்தில் ஒலி நொடிக்குச் சுமார் 1500 மீட்டர் செல்லும். காற்றில் செல்வதைப் போல் நான்கு மடங்குக்கும் அதிகமான வேகம். ஆனால் எல்லா ஒலியும் சுறாவின் காதில் ஏறுவதில்லை. சங்கீதக் கச்சேரிக்கு அதை அழைத்துவந்து முன்வரிசையில் உட்கார வைத்தால், மிருதங்கத்தின் தொப்பி நாதத்தை நன்றாக ரசிக்கும். புல்லாங்குழல் வித்வான் தாரஸ்தாயியில் சஞ்சரிக்கும்போதோ, அவர் சும்மா உட்கார்ந்திருப்பதாகவே எண்ணிக்கொள்ளும்!

1963-ல் நெல்ஸன், க்ரூபர் என்னும் இரு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் கடலுக்குள் ஒலிபெருக்கியை இறக்கிப் பார்த்தார்கள். நொடிக்கு 20 முதல் 60 அதிர்வு வரையுள்ள தாழ்ந்த ஒலியை விட்டு விட்டு எழுப்பியபோது பெரிய சுறாக்கள் அதை நாடி வந்தன. அதே தாழ்ந்த ஒலியை இடைவிடாமல் எழுப்பியபோது வரவில்லை. 400, 600 அதிர்வுள்ள ஒலியை விட்டு விட்டு எழுப்பியும் வரவில்லை. காரணம் எளிதில் விளங்கும். அடிபட்ட மீன் துடிக்கும் ஒலி தாழ்ந்தது. விட்டு விட்டு எழுவது. இரத்தம் சிந்துவதற்கு முன்பே, அந்தத் தவிப்பைச் சுறா கேட்டுவிடுகிறது.

அருகில் நெருங்கியதும், உடலின் இரு புறமும் ஓடும் பக்கக்கோடு என்னும் உறுப்பு ஜலத்தின் சிறு அசைவையும் உணர்த்துகிறது. இது மற்ற மீன்களுக்கும் உள்ளதுதான். உண்மையில் வியக்கத்தக்கது இனிமேல்தான் வருகிறது.

சுறாவின் மூக்கைச் சுற்றிலும் நுண்ணிய துவாரங்கள் பல உண்டு. ஒவ்வொன்றிலும் பாகு போன்ற ஒரு பொருள் நிரம்பியிருக்கும். இத்தாலியரான லொரென்ஸீனி 1678-லேயே இவற்றை விவரித்து எழுதினார். ஆனால் இவை எதற்காக என்பது சுமார் முந்நூறு வருஷம் புலப்படவில்லை. வெப்பத்தை அறிவதற்கு என்றார்கள் சிலர்; ஜலத்தின் அழுத்தத்தை அறிவதற்கு என்றார்கள் வேறு சிலர். 1960-ல் மர்ரே என்பவர்தான் இவை மின்சாரத்தை உணர்வன என்று கண்டார்.

ஹாலந்து தேசத்தவரான கால்மைன் 1971-ல் வெளியிட்ட பரீக்ஷை துப்பறியும் கதையைப் போலச் சுவையானது. ஒரு தட்டை மீனை மணலுக்குள் புதைத்தார். சிறு சுறா ஒன்று நேரே வந்து தோண்டி எடுத்தது. மீனை அகர்அகர்க் களியால் மூடிப் புதைத்தார். களி வாசனையைத் தடுக்கும், மின்சாரத்தைத் தடுக்காது. அப்பொழுதும் சுறா தவறவில்லை. உயிருள்ள மீனுக்குப் பதிலாக மீன் துண்டங்களை வைத்தபோது, வாசனை கலந்த ஜலம் வெளியேறும் வாயிலுக்குச் சென்று வீணே தேடிற்று. களியின்மேல் மின்சாரம் ஊடுருவாத மெல்லிய பிளாஸ்டிக் தாளைப் போர்த்தினார். உள்ளே உயிருள்ள மீன் இருந்தும் சுறா கவனியாமல் போயிற்று. கடைசியில் மீனே இல்லாமல், சிறு மின்சாரம் பாயும் இரு முனைகளை மட்டும் புதைத்தார். சுறா அவற்றைத் தோண்டிற்று!

ஒரு சென்டிமீட்டர் தூரத்துக்குள் ஒரு வோல்ட்டின் நூறு கோடியில் ஐந்து பங்கு வேறுபாடு இருந்தாலும் சில சுறாக்கள் உணர்ந்துவிடும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். கைவிளக்கில் போடும் ஒன்றரை வோல்ட் பாட்டரியின் இரு முனைகளையும் 3000 கிலோமீட்டர் இடைவிட்டு வைத்தால் உண்டாகும் வேறுபாட்டுக்கு இது சமானம்.

இப்படிக் கேட்டும் உணர்ந்தும் வாழும் பிராணியைக் குருட்டு ராக்ஷஸன் என்று நினைத்து, அது குறைவதைப் பற்றிக் கவலையற்றிருந்தோம். திறந்த சமுத்திரங்களில் வாழும் சுறா, திருக்கை இனங்கள் 1970 முதல் 2018 வரை 71 சதவிகிதம் குறைந்துவிட்டதாக 2021-ல் வெளியான ஆராய்ச்சி கூறுகிறது. மிதமிஞ்சிப் பிடிப்பதே முக்கிய காரணம். அதிலும், சூரை மீனுக்காகப் போடும் ஆயிரங்கால் தூண்டிலில் வேண்டாமலே அகப்பட்டு மடிபவை ஏராளம்.

இங்கேதான் லொரென்ஸீனியின் துவாரங்கள் உதவிக்கு வருகின்றன. தூண்டில் முள்ளுக்கு அருகே சிறு மின்துடிப்பை வெளியிடும் கருவி ஒன்றைப் பொருத்திப் பிரான்ஸின் தென்கரைக் கடலில் சோதித்தார்கள். நீலச்சுறாக்கள் அகப்படுவது 91 சதவிகிதம் குறைந்ததாக 2022-ல் அறிவித்தார்கள். சூரைக்கு மின்சாரத்தை உணரும் புலன் கிடையாது. சுறாவுக்கோ அந்தத் துடிப்பு, காதருகே பறையடித்தாற்போல் இருக்கும் போலும். ஆனால் ஆயிரம் முள்ளுக்கு ஆயிரம் கருவி வேண்டும். அவற்றுக்கு பாட்டரியும் வேண்டும். அந்தச் செலவை மீனவர் தலையில் சுமத்துவது நியாயமாகாது. சூரையை டின்னில் அடைத்து விற்று லாபம் பெறும் கம்பெனிகள் ஏற்பதே முறை என்பது நம் அபிப்பிராயம்.